பையில் வந்த மீனை எத்தனை மணி நேரம் பழக்க வேண்டும்?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். பவளம் வளர்க்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, அதாவது ரீஃப் தொட்டி, தண்ணீர் விட்டு இரண்டு மாதம் ஆகிறது, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். வரும் சனிக்கிழமை ஒரு ஜோடி க்ளவுன், ஒரு மஞ்சள் டேங், ஒரு மாண்டரின் என்று மூன்று வகை மீன், கொட்டும் கரங்கள் கொண்ட அனிமோன் என்ற உயிரி ஒன்று, ஆறு பவளத் துண்டுகள், அதில் இரண்டு கிளைவிடும் அக்ரோபோரா வகை, எல்லாம் ஒரே பார்சலில் வருகின்றன. சொட்டுக்குழாய் போட்டு, அதாவது பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, இரண்டு மணி நேரம் பழக்கினால் போதுமா, நான்கு மணி நேரம் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

மீனைப் பொறுத்தவரை என் பதில் பூஜ்யம். ஒரு நாள் முழுக்கப் பையில் பயணம் செய்து வந்த மீனைச் சொட்டுக்குழாய்க்குக் கீழே உட்கார வைக்கவே கூடாது.

ஏன் என்றால், கட்டிய பைக்குள் மீன் மூச்சு விட்டு விட்டுக் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். அதனால் தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் 7-க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். கூடவே அம்மோனியாவும் சேரும். ஆனால் பிஹெச் குறைவாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி அம்மோனியமாகவே இருக்கும், அது செவுளை அவ்வளவாகச் சுடாது. பையின் வாயைத் திறந்ததுமே கரியமில வாயு வெளியேறி பிஹெச் ஏறத் தொடங்குகிறது. நீங்கள் வேறு 8.2 உள்ள தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதை இன்னும் ஏற்றுகிறீர்கள். அம்மோனியம் மறுபடி அம்மோனியாவாக மாறுகிறது. 7-லிருந்து 8.2-க்குப் போனால் அந்த விஷ வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். அந்தத் தண்ணீரிலேயே மீனை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு, பக்குவமாகப் பழக்குகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பையைக் கட்டிய நிலையிலேயே 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பநிலையைச் சமன் செய்யுங்கள். பிறகு திறந்து, உடனே ஒரு துளி எடுத்து, உப்பு அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பளவைப் பாருங்கள். மீன் போகப்போகிற தண்ணீரின் உப்பளவும் அதுவும் ஒத்திருந்தால் கையாலோ சின்னக் கூடையாலோ மீனை மட்டும் எடுத்து மாற்றுங்கள், பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். பக்கத்துக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்த மீன் என்றால் கதை வேறு, பையில் அம்மோனியா சேர நேரம் இருந்திருக்காது, அரை மணி நேரம் சொட்ட விட்டாலும் ஒன்றும் ஆகாது. இறால், நத்தை, நட்சத்திர மீன் போன்றவற்றுக்கு மட்டும் சொட்டுக்குழாய் உண்மையிலேயே உதவும், உப்பளவு திடீரென மாறினால் அவற்றுக்குத் தாங்காது.

உப்பளவு என்று சொன்னேன் அல்லவா, பெரும்பாலான 'காரணமே தெரியாத' சாவுகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. பல விற்பனையாளர்கள் மீன் தொட்டிகளை, உப்பைக் காட்டும் அடர்த்தி எண்ணில் 1.018, 1.020 என்று குறைவான உப்பில் ஓட்டுவார்கள். ஒட்டுண்ணித் தொல்லை குறையும், உப்புச் செலவும் மிச்சம். உங்கள் ரீஃப் 1.026-ல் இருக்கும், இருக்கவும் வேண்டும். கடல் மீனின் உடலுக்குள் உப்பு கடல்நீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதனால் அது எந்நேரமும் தண்ணீரை இழந்துகொண்டே, கடல்நீரைக் குடித்துக்கொண்டே, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே வாழ்கிறது. 1.018-லிருந்து 1.026-க்கு ஒரே நாளில் போனால் அந்த இயந்திரம் ஈடுகொடுக்காது, உள்ளுக்குள் வறண்டுபோகும். முதல் நாள் நன்றாகத்தான் நீந்தும், சாப்பிடக்கூடச் செய்யும், இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடக்கும். நாம் கடைக்காரரைத் திட்டுவோம். கீழே இறங்குவதை மீன் எளிதாகத் தாங்கும், மேலே ஏற்றுவதுதான் ஆபத்து, ஒரு நாளைக்கு 0.001 அல்லது 0.002-க்கு மேல் ஏற்றாதீர்கள். அப்படியானால் நாலைந்து நாள் மீனை எங்கே வைப்பது? அதற்குத்தான் தனித் தொட்டி. அதை முன்கூட்டியே பையின் உப்பளவுக்குக் கலந்து வைத்திருந்தால் பழக்கும் வேலையே இல்லாமல் போகிறது. அனுப்புகிறவரிடம் இன்றே கேளுங்கள், 'உங்கள் தொட்டியில் உப்பளவு எவ்வளவு?' என்று. அப்புறம் உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்த்து நம்பிவிடாதீர்கள், 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள சோதனைத் திரவத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

தனித் தொட்டி விஷயத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். தொட்டி வைத்த மூன்றாம் வருடம், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு ராயல் கிராமாவைப் பார்த்தேன், கண்ணாடிபோல் சுத்தமான மீன், கடையிலேயே என் கண்முன் சாப்பிட்டது. நேராகத் தொட்டியில் விட்டேன். நாலாம் நாள் க்ளவுன் இரண்டும் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் மோட்டாரின் வீச்சுக்குள் தலையைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தன, செவுள் படபடவென்று அடித்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது, துடுப்பின் மேல் பொடி தூவியதுபோல் மங்கலான தங்க நிறம். வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். ஐந்து நாளில் ஆறு மீனும் போயின. பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மீன் இல்லாத தொட்டியைத்தான் அப்புறம் 76 நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெல்வெட்டுக்கு ஆறு வாரம் மீனில்லாமல் விட்டால் போதும் என்பார்கள். 76 என்ற எண் இன்னொரு ஒட்டுண்ணிக்கானது, வெள்ளைப் புள்ளி நோய் என்கிற கடல் இக். அது மீனின் தோலில் சில நாள் தின்றுவிட்டு உதிர்ந்து, பாறையிலோ கண்ணாடியிலோ நத்தை ஓட்டிலோ கூடு கட்டிக்கொள்ளும். கூடு வெடிக்க மூன்று நாளும் ஆகலாம், பல வாரமும் ஆகலாம், பதிவானதில் மிக நீண்டது 72 நாள். புள்ளி மறைந்ததும் 'குணமாகிவிட்டது' என்று நினைப்பது அதனால்தான் ஏமாற்று. மீனிலிருந்து இறங்கி அடுத்த தலைமுறைக்குத் தயாராகிறது, அவ்வளவுதான். பவளத்தை இந்த நோய் தாக்காது, ஆனால் பவளம் ஒட்டிய கட்டையில் அந்தக் கூடு ஒட்டிக்கொண்டு வரலாம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

தனித் தொட்டி பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி, மணலும் பாறையும் இல்லாமல், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய் வளைவு, ஹீட்டர், மூடி, காற்றில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்சை மட்டும் மூன்று நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டியான சம்ப்பில் போட்டு பாக்டீரியா ஏற விட்டிருக்க வேண்டும். குறைந்தது 30 நாள் மீன் அங்கே இருக்கட்டும். மருந்து போடாமல் கவனிக்கிறவர்களும் உண்டு, வந்த எல்லா மீனுக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் காப்பர் மருந்து போடுகிறவர்களும் உண்டு, நான் வெல்வெட் பார்த்தவன் என்பதால் இரண்டாவது கட்சி. காப்பர் போட்டால் தினமும் டெஸ்ட் கிட்டில் அளக்க வேண்டும், புட்டியில் எந்த வகை என்றும் படிக்க வேண்டும். அயனி வகைக்கு 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஒட்டி நிறுத்துவார்கள், காப்பரை வேறு மூலக்கூறோடு பிணைத்த கீலேட் வகைக்கு 2 முதல் 2.5 வரை போகும், ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் மீன் செத்துவிடும். காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவைக் கட்டுகிற திரவத்தையும் ஊற்றக் கூடாது, பல தயாரிப்புகளில் அது காப்பரை இன்னும் கடுமையான வடிவத்துக்கு மாற்றிவிடும், தண்ணீர் மாற்றுவதுதான் வழி. பெரிய தொட்டியில் காப்பர் ஒரு துளிகூட விடாதீர்கள், இறால், நத்தை, பவளம் எதுவும் மிஞ்சாது.

சரி, இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன், கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

டேங் வேண்டாம். மஞ்சள் டேங் நாள் முழுக்க நீளவாக்கில் நீந்திப் பாசி மேய்கிற மீன், வளர்ந்தால் உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகும், 200 லிட்டரில் அது கூண்டுப் புலிதான். வாலடியில் கத்தி வைத்திருக்கிறது, எரிச்சல் வந்தால் பயன்படுத்தும். மாண்டரினும் இப்போது வேண்டாம். அது விடிந்ததிலிருந்து அடையும்வரை பாறைப் பாறையாகப் பொடி இறால்போன்ற கோப்பிபாடைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டிய மீன், இரண்டு மாதத் தொட்டியில் இருக்கும் கோப்பிபாட் அதற்கு இரண்டு வாரத் தீனி. பிறகு வயிறு உள்ளே குழிந்து, அழகு குறையாமலே பட்டினியில் செத்துப்போகும். ஒரு வருடம் கழித்து, தொட்டியில் வளர்த்தெடுத்த, உறைந்த தீனி தின்னப் பழகிய குட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

அனிமோனை க்ளவுனுக்காக வாங்குகிறீர்கள் என்று தெரிகிறது. க்ளவுனுக்கு அது தேவையே இல்லை, பவர்ஹெட்டைக்கூட வீடாக எடுத்துக்கொள்ளும். அனிமோனுக்குப் பிடித்த இடம் கிடைக்கும்வரை கால் முளைத்ததுபோல் நகரும், போகிற வழியில் பவளங்களைச் சுடும், ராத்திரி பவர்ஹெட்டில் மாட்டி நார் நாராகிவிட்டால் காலையில் தொட்டி முழுக்க அதன் சாறுதான். ஆறு மாதமாவது போகட்டும், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. பவர்ஹெட்டுக்கு வலைக்கூடு போட்ட பிறகு.

மிச்சம் இருப்பது க்ளவுன் ஜோடி, அது நல்ல தேர்வு. க்ளவுன் எல்லாம் ஆணாகத்தான் வளரும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், மாறினால் திரும்பி வராது. ஆகவே ஒன்று பெரிது, ஒன்று கண்ணுக்குத் தெரியும் அளவு சிறிது என்று கேளுங்கள். ஒரே அளவில் இரண்டு வளர்ந்த மீன் வந்தால் இரண்டுமே பெண்ணாக இருக்க வாய்ப்புண்டு, அப்போது கிழிந்த துடுப்புதான் மிஞ்சும். சிறியது பெரியதற்கு முன்னால் உடம்பை உதறி நடுங்கிக் காட்டும், பயந்துவிடாதீர்கள், 'நீதான் பெரியவள்' என்று ஒப்புக்கொள்கிற நடுக்கம் அது.

பிறகு வேறு மீன் சேர்க்கும்போது சாதுவானதை முதலில், சண்டைக்காரனைக் கடைசியில் விடுங்கள். ஃபயர்ஃபிஷ், கோபி மாதிரியானவை முன்னால், ராஸ் பின்னால், டாம்செல் விடவே வேண்டாம். முதலில் வந்தவன் முழுத் தொட்டியும் தன்னுடையது என்று பட்டா எழுதிக்கொள்வான். அவன் தகராறு செய்தால் புதியதை ஓட்டை போட்ட ஒளிபுகும் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே மூன்று நான்கு நாள் தொங்கவிடுங்கள், பெட்டிச் சுவரில் மோதி மோதி அலுத்துப்போவான். இரண்டு மீனுக்கு மேல் ஒரு தடவையில் சேர்க்காதீர்கள், கழிவைத் தின்கிற பாக்டீரியா பெருக ஓரிரு வாரம் தேவை. வலை மூடி இல்லாத தொட்டியில் ஃபயர்ஃபிஷ்ஷை விடவே விடாதீர்கள். தரையில் காய்ந்த மீனைப் பொறுக்குவது மனசைக் கெடுக்கும்.

பவளத்துக்கு மீன் கதை பொருந்தாது. பையை மிதக்கவிட்டு வெப்பம் சமன் செய்தால் போதும், நேரே மருந்துக் குளியலுக்குப் போகலாம். மூன்று டப்பா எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றிலும் தொட்டித் தண்ணீர், முதல் டப்பாவில் மட்டும் பவளக் குளியல் மருந்து, அட்டையில் சொன்ன அளவு, சொன்ன நிமிடம். ரப்பர் குமிழ் வைத்த உறிஞ்சுகுழாயால் பவளத்தின் இடுக்குகளில் ஊதிக்கொண்டே இருங்கள். வெள்ளை டப்பாவாக இருக்கட்டும். ஒருமுறை ஒரு அக்ரோபோரா கிளையை இப்படி ஊதியபோது முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே விழவில்லை, மூன்றாவது நிமிடம் டப்பாவின் அடியில் பவளத் தோல் உரிந்து விழுந்ததுபோல் ஒன்று கிடந்தது, குனிந்து பார்த்தால் அது மெல்லச் சுருண்டு விரிந்தது. தட்டைப்புழு. பவளத்தின் நிறத்தையே வாங்கி வைத்திருப்பதால் அது பவளத்தின் மேல் இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. கிளையிலிருந்து ஏழு எண்ணினேன். கிளையின் அடியில், தோல் போன வெள்ளைப் பகுதியில், உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் பழுப்புப் பொட்டுகளாக முட்டைகள்.

அந்த முட்டைகளை எந்தக் குளியலும் கொல்லாது. அதனால் வந்த கட்டையை அப்படியே தொட்டியில் வைக்காமல், பவளத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுக் கட்டையில் சூப்பர் க்ளூ ஜெல்லால் ஒட்டுங்கள். முட்டை, தொல்லை தரும் ஐப்டேசியா அனிமோன், குழாய் நத்தை, முன்சொன்ன இக் கூடு எல்லாம் பெரும்பாலும் கட்டையோடுதான் வரும். முடிந்தால் பவளத்தையும் சில வாரம் தனியாக வைத்து வாரம் ஒருமுறை குளிப்பாட்டுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பவளங்களோடு விற்கப்படும் சாந்திட், பலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், அவை ஒட்டிய பாறையை ஒருநாளும் வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி கிளப்பவும் கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

அக்ரோபோரா இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் புது விளக்கோ விலையுயர்ந்த மருந்தோ வேண்டாம், தினமும் ஒரே மாதிரி இருக்கும் தண்ணீர் வேண்டும், அது இரண்டு மாதத் தொட்டியில் கிடைக்காது. தண்ணீரின் அல்கலினிட்டி (பிஹெச் அல்ல, டிகேஹெச் என்ற அலகில் அளப்பது) 7-லிருந்து 9 டிகேஹெச்சுக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் நேற்று எங்கே இருந்ததோ இன்றும் அங்கேயே இருக்க வேண்டும், ஒரு நாளில் அரை புள்ளிக்கு மேல் ஆட வேண்டாம். கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கத்தில் இருந்தால் அதை மறந்துவிடலாம். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்குவதில் பெருமை ஒன்றும் இல்லை, பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கும் சாப்பாடு வேண்டும். மீனில்லாமல் நான் காத்திருந்த அந்த 76 நாளில் இரண்டும் பூஜ்யத்துக்குப் போய், மணல் முழுக்கப் பழுப்புச் சளி மாதிரி டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர் படர்ந்தது, அதை விரட்ட இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் ஒட்டி நின்றால் நிம்மதி.

காளான் பவளம், சாந்திட், ஒரு சின்ன லெதர், இன்னும் துணிவிருந்தால் ஒரு டங்கன் அல்லது கேண்டி கேன், இந்தப் பவளங்கள்தான் இப்போதைக்கு. க்ரீன் ஸ்டார் பாலிப் என்ற படரும் பவளம் வந்தால் முதன்மைப் பாறையோடு ஒட்டாதீர்கள், தனிக் கல்லில் வைத்து மணலில் தீவாக விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பச்சைக் கம்பளத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள். பவளங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பகலில் பார்க்கும்போது இடம் வீணாகிறது என்று தோன்றும், ராத்திரி டார்ச்சோடு போய்ப் பார்த்தால் ஹாமர், கேலக்சியா என்ற பவளங்கள் கண்ணாடி நூல்போன்ற கொட்டும் கரங்களை நீரோட்டத்தில் எவ்வளவு தூரம் வீசுகின்றன என்று தெரியும். லெதர் கொட்டாது, தண்ணீரில் ரசாயனம் விட்டு மற்றவற்றை அடக்கும், அதற்கு, அந்த ரசாயனத்தை உறிஞ்சும் கரி போட்ட பை ஒன்றை எப்போதும் ஓட விடுங்கள்.

வெளிச்சம்தான் புதுப் பவளத்தைக் கொல்கிற இன்னொரு அன்பு. அது எந்த விளக்கடியிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. முதலில் மணல்மேல், ஓரத்தில் வைத்து, விளக்கைப் பாதிக்குக் குறைத்து, வாரம் 5 அல்லது 10 சதவீதம் ஏற்றுங்கள். வெளிச்சம் குறைவானால் பவளம் பழுப்பாகும், நீண்டு எட்டிப்பார்க்கும், அதைத் திருத்த மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. அதிகமானால் உள்ளிருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கும், அதற்குச் சில நாள் போதும்.

ஆக சனிக்கிழமைக்கு: பார்சல் கிளம்பவில்லை என்றால் இன்றே பேசி மீனை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள், ஸ்பாஞ்சை இன்றே சம்ப்பில் போடுங்கள். காளானும் சாந்திட்டும் மட்டும் வரட்டும். கிளம்பிவிட்டது என்றால் மூடியோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டியாவது ஏற்பாடு செய்து, பை உப்பளவுக்குத் தண்ணீர் கலந்து, மீனை அங்கே விட்டு, அம்மோனியாவை தினமும் இரண்டு வேளை பார்த்துத் தண்ணீர் மாற்றுங்கள், டேங்கையும் மாண்டரினையும் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிட முடியுமா என்று விசாரியுங்கள். சாந்திட் முதல் மூன்று நாள் பொத்தான்போல மூடிக்கிடக்கும். இடம் பிடிக்கவில்லையோ என்று அங்கும் இங்கும் நகர்த்தாதீர்கள், பத்து நாள் கையைத் தொட்டிக்கு வெளியே வைத்திருங்கள்.